நனையாத ஜாக்கெட்

என் மச்சினன் ரவிக்கு வருஷத்துக்கு ஒரு ஜுரம் வரும். தெர்மாமீட்டரில் ஏறாத ஜுரம்.

ஒரு வருஷம் கிடார். மூன்று மாதம் விடாமல் 'டொய்ங் டொய்ங்' என்று வாசித்தான். மாடி வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனார். அடுத்த வருஷம் மீன் தொட்டி. மீன்கள் காலி செய்துகொண்டு போயின. முந்தின வருஷக் கோடையில் வந்த ஜுரத்தின் பெயர் கயாக்.

"கயாக்கா? அது காயா, கிழங்கா?" என்றேன்.

"விளையாடாதீங்க அத்தான். ஒல்லியா நீளமா இருக்கும் பாருங்க, ரெண்டு பக்கமும் தட்டு வெச்ச துடுப்பால தள்ளிக்கிட்டுப் போவாங்களே, அந்தப் படகு. ஆர்க்டிக் பக்கத்து ஜனங்க சீல் வேட்டைக்காகக் கண்டுபிடிச்சது."

"நமக்கு என்னடா வேட்டை? மயிலாப்பூர்ல ஏது சீல்?"

"ஆஸ்கர் ஸ்பெக் தெரியுமா உங்களுக்கு?" என்றான் திடீரென்று. தெரியாது. ஜெர்மன்காரராம். 1932-ல் சைப்ரஸில் சுரங்க வேலை கிடைக்குமென்று மடக்கு கயாக் ஒன்றில் ஏறிக் கிளம்பியவர், துடுப்பு போடும் சுகத்தில் சைப்ரஸைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாராம். பாரசீகம், இந்தியா, இலங்கை, பர்மா என்று கரையோரமாகவே வந்து 1939-ல் ஆஸ்திரேலியாவைத் தொட்டுவிட்டார். "அவருக்கு நீச்சல் தெரியாது அத்தான்!" என்று முடித்தான், வக்கீல் கடைசி சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி.

அப்புறம் படித்துப் பார்த்தேன். விஷயம் உண்மைதான். ரவி சொல்லாமல் விட்டது ஒன்று: அவர் போய்ச் சேர்ந்த நேரம் உலக யுத்தம் ஆரம்பித்திருந்தது. ஏழு வருஷம் துடுப்பு போட்டு வந்தவரை 'ஜெர்மன்காரனா, வா' என்று பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள்!

அடுத்த வாரமே பெட்டி வந்து இறங்கியது. உள்ளே இரண்டு பேர் உட்காரும் காற்றடிக்கிற கயாக், பம்ப், துடுப்புகள், காம்போ ஆஃபரில் இரண்டு லைஃப் ஜாக்கெட். மொத்தம் 11,200 ரூபாய். அதில் பாதி என் கணக்கில் பற்று எழுதப்பட்டது.

பெட்டி மேல் 'அதிகபட்ச எடை 160 கிலோ' என்று போட்டிருந்தது. நான் 84, ரவி 71. ஆக 155. "பாத்தீங்களா, இன்னும் 5 கிலோ மிச்சம்!" என்றான். தண்ணீர் பாட்டில்கள், பம்ப், கேமராப் பை, என் மனைவி கட்டிக் கொடுத்த பன்னிரண்டு இட்லி, கெட்டிச் சட்னி... மிச்சமிருந்த ஐந்து கிலோவையும் வெற்றிகரமாகச் செலவழித்தோம்.

நான் பி.காம்.; ஆடிட்டர் ஆபீசில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன். காஸ்டிங் பேப்பரில் 'மார்ஜின் ஆஃப் சேஃப்டி' என்று ஒரு சமாசாரம் வரும். வியாபாரம் எவ்வளவு விழுந்தால் நஷ்டக் கோட்டைத் தொடும் என்கிற கணக்கு. ஐந்து மார்க் கேள்வி. சரியாக எழுதி ஐந்தும் வாங்கியவன், படகில் ஏறும்போது மறந்துவிட்டேன்.

ஜூலை மாதத்து ஞாயிறு. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பேக்வாட்டர். காலை எட்டரை. கரையோரத்தில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

"ஜாக்கெட்?" என்றேன்.

"கார் டிக்கியில இருக்கு. இங்கயேதான சுத்தப் போறோம்? போட்டா வேர்க்கும் அத்தான். போட்டோவுல ரெண்டு பேரும் கேஸ் சிலிண்டர் மாதிரி தெரிவோம்."

எனக்கு நீச்சல் தெரியும். அதாவது பத்தாம் வகுப்பு லீவில் பாட்டி ஊர்க் கிணற்றில் கற்றது. கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் பத்தடியில் சுவர் வந்துவிடும்.

ஏறினோம். துடுப்பு போட்டோம். ஆஹா! நாலு தள்ளலில் படகு பறந்தது. முதல் நாளே இப்படி வருமென்று எனக்கே தெரியாது. முதுகில் ஜிலுஜிலுவென்று காற்று. "உங்களுக்கு இது ரத்தத்துல இருக்கு அத்தான்" என்றான் ரவி. கால் மணி நேரத்தில் கரையில் நின்ற கார் தீப்பெட்டி சைஸ் ஆகிவிட்டது.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை சார். ஜூலையில் எங்கள் பக்கம் காலையில் அடிப்பது மேல்காற்று. தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். கரையோர மரமும் மேடும் மறைத்துக்கொள்வதால், கரையில் நின்று பார்ப்பவனுக்குத் தண்ணீர் சாதுவாகத் தெரியும். உள்ளே போகப் போகத்தான் காற்று பிடிக்கும். அந்த வருஷம் முகத்துவாரம் வேறு திறந்திருந்தது. வற்றம் ஆரம்பித்து, உள்ளே ஏறியிருந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. காற்றும் தண்ணீரும் ஒரே திசையில் எங்களைச் சுமந்துகொண்டு போக, பெருமை முழுவதையும் என் தோள் வரவு வைத்துக்கொண்டது.

"போதும், திரும்பலாம்" என்று படகைத் திருப்பினோம். திரும்பியது. திரும்பியதோடு நிற்காமல் மேலும் திரும்பியது. ரங்கராட்டினம்! காற்றடித்த படகு தண்ணீருக்குள் இறங்கி உட்காராது, இலை மாதிரி மேலே மிதக்கும். காற்று சொன்னதைத்தான் கேட்கும். மூச்சுப் பிடித்துத் துடுப்பு போட்டும் கரையில் பார்த்து வைத்த பனைமரம் நகரவே இல்லை. உற்றுப் பார்த்தேன். நகர்ந்தது... எங்களை விட்டு விலகி.

புதிதாகத் துடுப்பு பிடிப்பவன் மணிக்கு நாலு கிலோமீட்டர் போனால் அதிகம். எதிரே வருகிற தண்ணீர் மூன்று, அதற்கு மேல் காற்று. இதைக் கூட்டிக் கழிக்க பி.காம். கூட வேண்டாம்.

ரவி கையிலிருந்து துடுப்பு நழுவியது. எட்டிப் பிடிக்கச் சாய்ந்தான். நானும் அதே பக்கம் சாய்ந்தேன். அவ்வளவுதான்.

கால் தரையில் பாவவில்லை. இட்லி டப்பா தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. படகைப் பிடித்து நிமிர்த்தி ஒரு பக்கமாக ஏறினேன். மறுபக்கம் எழும்பி என் தலை மேலேயே கவிழ்ந்தது. இன்னொரு தடவை. மறுபடியும் கவிழ்ந்தது. மூன்றாவது தடவை கையில் பலமில்லை. வாயெல்லாம் உப்பு. முகத்துவாரத்தில் அலை உடைகிற சத்தம் காதில் விழ ஆரம்பித்தது.

ரவி என்னைப் பார்த்து, "அத்தான்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என் கல்யாணத்தின்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. மாப்பிள்ளை அழைப்பு காரில் கூட்டத்துக்குப் பயந்து என் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தான். அதே முகம்.

எங்கள் நல்ல காலம், ஒரு பெரியவர் தெர்மாகோல் தெப்பத்தில் வலை வைத்துக்கொண்டிருந்தார். அவசரமே படாமல் வந்தார். "படக வுடாதீங்க. அத்தப் புடிச்சிக்கினு இருங்க" என்றார் முதலில். அப்புறம்: "தண்ணி வெளிய போவுது தம்பி. அத்தோட எதுக்கு மல்லுக்கட்றீங்க? குறுக்கால வாங்க. தோ பாரு, மணல்திட்டு."

எதிர்நீச்சல் போட்டு நாங்கள் தேடிய கரை அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. பக்கவாட்டில் நாற்பதடியில் இடுப்பளவுத் தண்ணீர்! எங்கள் படகின் கயிற்றைத் தெப்பத்தில் மாட்டி இழுத்தார். நாங்கள் காலை உதைத்தபடி கூடவே போனோம்.

திட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது படகை விரலால் தட்டிப் பார்த்தார். "இன்னாது இது, தொட்டிலா? கட்டுமரம்னா தண்ணி ஏறும், ஏறுன வழியே எறங்கிடும். உழுந்தா ஏறிக்கலாம். இதுல உழுந்தா எப்புடி ஏறுவே?"

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

"மொதல்ல ஏறக் கத்துக்கோ. அப்பால எறங்கு" என்றார். "ஜாக்கெட்டு கீதா?"

"கார்ல இருக்குங்க."

"காரு முழுவாது தம்பி."

பணம் கொடுத்தோம். வாங்கிக்கொள்ளவில்லை. வலைக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

வழியிலேயே நானும் ரவியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வீட்டில் மூச்சு விடுவதில்லை. 'நல்லா நனைஞ்சோம், ஜாலியா இருந்தது' என்பது அதிகாரபூர்வ அறிக்கை. நிறைவேற்றியும் விட்டோம். என் மனைவி ஈரத்துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கார் சாமான்களில் இருந்த ஜாக்கெட்டுகளையும் உலர்த்துவதற்காக எடுத்தவள், அப்படியே நின்றாள்.

"ரெண்டு பேரும் தலையோட கால் நனைஞ்சிருக்கீங்க. இது மட்டும் எப்படி மொறமொறன்னு இருக்கு?"

ஆடிட்டர் ஆபீசில் ஆறு வருஷம் நான் பிடித்த தப்பையெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது. ரவி மீன் தொட்டியைப் பார்த்தான். அதில் மீன் கூட இல்லை.

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அந்தச் செய்தியை அவள் ரொம்ப நாள் மறக்கவில்லை. அப்பா போன பிறகு ரவியைப் படிக்க வைத்து ஆளாக்கியது அவள்தான். இரண்டு நாள் எங்களுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் காபியை வைத்துவிட்டு, "எங்கே கத்துக் கொடுக்கறாங்கன்னு பாருங்க. நானும் வர்றேன்" என்றாள்.

கோச்சுக்கு ரவி வயதுதான் இருக்கும். முதல் நாள் துடுப்பையே கண்ணில் காட்டவில்லை. ஜாக்கெட்டை மாட்டி பக்கிள்களை இறுக்கச் சொல்லிவிட்டு, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கினார். என்னுடையது காது வரை வந்துவிட்டது. "இது உங்களுக்கு ஜாக்கெட் இல்ல சார், காதணி" என்று வேறு சைஸ் கொடுத்தார். உள்ளே 50 என்று ஒரு நம்பர் போட்டிருந்தது. 50 நியூட்டன், ஏறக்குறைய ஐந்து கிலோவைத் தூக்கும் சக்தி. "84 கிலோ ஆளை 5 கிலோ எப்படிங்க தூக்கும்?" என்று கேட்டேன். உடம்பு பெரும்பாலும் தானாகவே மிதக்குமாம். மூக்கையும் வாயையும் வெளியே வைத்திருக்கத்தான் அந்த நாலைந்து கிலோ. இந்த 50 ரகம் நீச்சல் தெரிந்து, கரையோ துணையோ பக்கத்தில் இருப்பவர்களுக்கு. மயங்கிப் போனால் மல்லாக்கத் திருப்பாது. நீச்சல் தெரியாதவர்களுக்குக் கழுத்தில் காலர் வைத்த 100 ரகம். காம்போவில் வந்த எங்கள் ஜாக்கெட்டில் நம்பரே இல்லை. 'ஃபேஷன்' என்றுதான் எழுதியிருந்தது.

பிறகு எங்களைக் கயாக்கில் உட்காரவைத்துத் தண்ணீரில் கவிழ்த்தார். ஏறச் சொன்னார். மறுபடி கவிழ்த்தார். இதுதான் வகுப்பு!

ஏறுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாங்கள் அன்று செய்ததுபோல மரம் ஏறுகிற மாதிரி தொங்கக் கூடாது. தொங்கினால் கால் படகுக்கு அடியில் போய்விடும். படகு நம் மேல் வரும். முதலில் காலைப் பின்னால் நீட்டி, தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைக்க வேண்டும். உடம்பு படுக்கையானதும் ஒரே இழுப்பில் வயிற்றைப் படகுக்குக் குறுக்கே போட வேண்டும். அப்படியே புரண்டு உட்கார வேண்டும். கால்கள் கடைசியில். 'வயிறு, உட்காரும் இடம், கால்' என்று ஸ்லோகம் மாதிரி சொல்ல வைத்தார். என் மனைவி நாலாவது தடவையில் ஏறிவிட்டாள். ரவி ஏழு. என் எண்ணிக்கை இரட்டை இலக்கம், விடுங்கள்.

எங்களுக்குக் கொடுத்தது 'சிட் ஆன் டாப்' ரகம். மேலே உட்காருகிற கயாக். உள்ளே குழியே கிடையாது. கெட்டி பிளாஸ்டிக்கில் மூடி வார்த்த ஓடு. மேலிருந்து கீழ்வரை துளைகள். அலை மேலே விழுந்தால் துளை வழியே வடிந்துவிடும். எனக்குச் சட்டென்று பெரியவர் ஞாபகம் வந்தது. தண்ணி ஏறும், ஏறுன வழியே எறங்கிடும்! மரங்களைச் சேர்த்துக் கட்டி, இடுக்கில் தண்ணீர் போய் வர விட்ட நம் கட்டுமரத்தின் யோசனைதான் இது. வெள்ளைக்காரன் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு போய் இரட்டை உடம்புப் படகுக்கு 'கேட்டமரான்' என்று வைத்தான். யோசனையை ரொம்ப காலம் கழித்துப் பிளாஸ்டிக்கில் வார்த்தான்.

இன்னொரு ரகம், குழிக்குள் காலை நீட்டி உட்காருவது. ஆர்க்டிக்காரர்கள் செய்தது இதுதான். சட்டம் கட்டி சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். குளிரில் தண்ணீரில் விழுந்தாலே ஆள் காலி என்பதால், கவிழ்ந்தாலும் இறங்காமல் ஒரு சுற்று சுற்றி நிமிரக் கற்றுக்கொண்டார்கள். அளவெடுத்துத்தான் செய்வார்களாம். இரு கையையும் விரித்த அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம். இடுப்பு அகலத்தோடு இரண்டு முஷ்டி சேர்த்தால் உட்காரும் இடத்தின் அகலம். நாம் தீபாவளிச் சட்டைக்குக் கூட இப்போது அளவு கொடுப்பதில்லை. இந்த ரகத்தில் கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும். முன்னும் பின்னும் தண்ணீர் புகாத தடுப்பறை இருக்கிறதா, இறைக்க பம்ப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயிற்சியும் அதிகம் வேண்டும். சென்னை வெயிலில் காலை மூடி உட்கார எனக்குப் பொறுமையில்லை.

கடைக்காரர் முதலில் நிறம் கேட்பார். நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது எந்தத் தண்ணீர் என்பதை. ஏரி, பேக்வாட்டர் மாதிரி அடங்கிய இடமென்றால் பத்தடி நீளம், முப்பது அங்குல அகலம் சொச்சத்தில் எடுங்கள். ஆடாமல் நிற்கும், ஆனால் வேகம் இருக்காது. நீளமும் ஒல்லியுமானது நேராக, வேகமாகப் போகும். ஆனால் திருப்புவதற்குள் பிராணன் போய்விடும். முதல் நாள் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ரேஸ் சைக்கிள் எதற்கு? காற்றடிக்கிற ரகத்தில் உசத்தியானவை உண்டு, நல்ல கனத் துணியில், பல அறைகளாக. என் சண்டை மட்டமான ரகத்தோடும், அதை எடுத்துக்கொண்டு காற்று நாளில் போன எங்களோடும்தான். பேக்வாட்டர் அடியில் சிப்பி ஓடு பிளேடு மாதிரி கிடக்கும், அதையும் சொல்லி வைக்கிறேன். காலுக்குச் செருப்பு, அதுவும் பட்டை வைத்தது.

எடைக் கணக்கில் என் பழைய காஸ்டிங் புத்தகத்துக்கு மரியாதை வந்துவிட்டது. 160 கிலோ என்று போட்டிருந்தால் நான் 110-ல் நிறுத்திவிடுவேன். மிச்சம் ஐம்பதைத் தொடமாட்டேன். ரவிக்குத் தனிப் படகு, எனக்குத் தனி. இரண்டு பேரும் ஒன்றாகக் கவிழாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. இன்னும் சொந்தமாக வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். எதை எடுத்தாலும் முதல் வேலையாக முழங்கால் தாண்டின தண்ணீரில் வேண்டுமென்றே விழுந்து ஏறிப் பார்க்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஏற முடியாத படகைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

காற்றைப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற அரசாங்க நிறுவனம் கடல் அலை, காற்று நிலவரமெல்லாம் இலவசமாகவே வெளியிடுகிறது. அதோடு கிளம்பும் இடத்தில் ஒரு கைப்பிடி மணலை விசிறிப் பார்ப்பேன். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று அமைந்தால் மட்டுமே கிளம்புவது. தெம்பாக இருக்கும்போதே கடினமான பாதியை முடித்துவிட வேண்டும். பத்து மணிக்குள் கரை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பேக்வாட்டர் பக்கம் தலை வைப்பதில்லை. கடலுக்குப் போவதானால் கோச்சும் கூட்டமும் இருந்தால்தான். தண்ணீர் புகாத பையில் செல்போன். அதில் கடலோரக் காவல் படையின் 1554-ம், 112-ம் ஏற்றி வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டில் ஒரு விசில். 'அத்தான்' என்று கூப்பிட்டால் இருபதடி கேட்கும். விசில் கரை வரை கேட்கும்.

'எங்கே போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்' என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவதும் ஒரு விதி. இதை நாங்கள் கடைப்பிடிப்பதில்லை. யாருக்கு எழுதி வைப்பது? அவளும் கூடத்தான் வருகிறாள். மாமியாரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஒன்பதே முக்காலுக்கே அவர் போன் அடித்துவிடுவார்.

அந்தப் பெரியவரைத் தேடி நாலு மாதம் கழித்து ஒரு டப்பா ஸ்வீட்டுடன் போனோம். எங்கள் இருவரின் முகமும் அவருக்கு ஞாபகம் இல்லை. "தொட்டில்ல வந்தோமே" என்றதும் சிரித்துவிட்டார். ஸ்வீட்டை வாங்கிக்கொண்டார்.

தொட்டில் பத்திரமாக இருக்கிறது. விற்கப் பார்த்தோம், வாங்க வந்தவனுக்கு வயது பத்தொன்பது. 'நீச்சல் தெரியுமா?' என்று என் மனைவி கேட்டாள். தெரியாது என்றான். விற்கவில்லை. எங்கள் தெருவில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் லாரி வரும். அன்றைக்குக் காலையில் ரவி பம்ப் எடுத்துக் காற்றடிக்கிறான். மொட்டை மாடியில் போட்டு ஹோஸை வைத்தால் துணி துவைக்க, பாத்திரம் துலக்க, எல்லாவற்றுக்கும் பிடித்துவிடலாம். சொட்டுக் கூடக் கசிவதில்லை.